மறைமாவட்ட ஆவணக் காப்பகம்

கேள்வி: கத்தோலிக்க ஆயர் ஒருவரின் பொறுப்பிலுள்ள பகுதியான மறைமாவட்டத்தின் ஆவணக் காப்பகத்தில் வரலாற்று ஆய்வாளருக்கு என்ன கிடைக்கும்?

பதில்: திருமுழுக்கு (ஞானஸ்நானம்), திருமணப் பதிவேடுகளைப் பங்குத்தந்தையர் (பங்கு எனப்படும் ஊர்க் கோவில் சமூகத்தின் குருக்கள்) எழுதிவர வேண்டும் என்று 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் பணித்ததால், அரசர்களின் வரலாற்றில் இடம்பெறாத எளிய மக்களின் பெயர்களும் உறவுகளும் அவற்றில் தலைமுறை தலைமுறையாகப் பதிவாகியுள்ளன. ஒரே மாதத்தில் அடுக்கடுக்காக வரும் அடக்கக் குறிப்புகளே கொள்ளைநோயைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், இரும்பு உப்பும் மாசிக்காயும் சேர்ந்த பழைய மை, அமிலத்தன்மையால் எழுத்து இருந்த இடத்தையே அரித்து ஓட்டையாக்கிவிடக்கூடும் என்பதால், மின்னுருவாக்கம் இனியும் தள்ளிப்போடக் கூடாத பணி. அதைச் சாக்கிட்டு மூல ஏட்டைக் கழித்துவிடுவது பெரும் தவறு. பங்கு ஆவணங்களுக்குப் பட்டியல் தயாரித்து, அதன் ஒரு படியை மறைமாவட்டக் காப்பகத்தில் வைக்கச் சொல்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு. ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். ஏடுகளைப் பார்வையிடுவது ஆயர் வகுத்த நெறிமுறைப்படியே அமையும்.