பல் மருத்துவ மாணவர்களுக்கு அனாட்டமி நடத்துவது அந்தக் காலத்தில் கஷ்டமா, இப்போது கஷ்டமா?

இரண்டு காலத்திலும்தான். பி.டி.எஸ். முதலாண்டுக்கு அனாட்டமி எடுப்பவள் நான்.

"நாங்க பல்லுக்குத்தானே வந்தோம், இத்தனை நரம்பும் எதுக்கு மேடம்?" என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். பாடத்தில் பெரும்பகுதி தலையும் கழுத்தும்தான். ஆனால் நோயாளியின் வாயில் ஊசி போடும் வேளை மூன்றாம் ஆண்டில்தான் வரும். அதற்குள் படித்ததெல்லாம் மறந்திருக்கும். மூலப் பிரச்சினை இதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும் முன் மரத்துப்போகப் போடும் ஊசியையே பாருங்கள். அதைப் பல்லுக்குப் பக்கத்தில் குத்துவதில்லை. நரம்பு தாடை எலும்புக்குள் நுழையும் துளைக்குச் சற்று முன்னால், எலும்பின் உட்புறத்தில் மருந்தை விட வேண்டும். ஊசி எலும்பைத் தொடாமல் ரொம்பப் பின்னால் போனால் காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் இறங்கிவிடும். முகத்தை அசைக்கும் நரம்பு அதற்குள்தான் ஓடுகிறது. பல் மரக்காது, முகம் ஒரு பக்கம் கோணி, கண்ணை மூட முடியாமல் போகும். சில மணி நேரத்தில் சரியாகிவிடும்தான், அதுவரை ஊசி போட்டவருக்கு உயிரே இருக்காது. சின்னக் குழந்தைகளுக்கு அந்தத் துளை இன்னும் கீழே இருக்கும், பெரியவர்களுக்குக் குத்தும் உயரம் அங்கே ஒத்துவராது.

இந்த இடத்தை, இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷனில் காட்டுவது லேசில்லை. கன்ன எலும்பு வளைவை அறுத்து, மெல்லும் தசையைக் கீழே மடக்கி, தாடையிலும் ஒரு துண்டை வெட்டி எடுத்தால்தான் உள்ளே தெரியும். ஒரு தலையைச் சுற்றி ஒரு பேட்ச்சே நின்றால் முன்வரிசைக்கு மட்டும்தான் தரிசனம். உடல்கள் போதாததால், முன்பே வெட்டிவைத்த ஸ்பெசிமனைக் காட்டி முடிக்கும் வழக்கம் வந்துவிட்டது.

இப்போது முப்பரிமாணத் திரைகள் வந்திருக்கின்றன. கருவில் முகம் உருவாவதை விளக்க, நான் கரும்பலகையில் போடும் படத்தைவிட அவை ஆயிரம் மடங்கு மேல். ஆனால் திரையில் தட்டியதும் தசை மறைந்துவிடுகிறது. அது எவ்வளவு தடிமன், நரம்பு எவ்வளவு ஆழம் என்பது கைக்குத் தெரிவதில்லை. 2020 கொரோனா பேட்ச்சுக்குப் பெயர்கள் கடகடவென்று வந்தன, எலும்பைக் கையில் கொடுத்தால் விரல் தடுமாறியது.

பிளாஸ்டிக் எலும்புகளோடும் எனக்குச் சண்டை உண்டு. நிஜத் தாடையின் உட்புறத்தில் மைலோஹையாய்டு கோடு, அதாவது வாயின் அடித்தளத் தசை ஒட்டியிருக்கும் மேடு, விரலில் தட்டுப்படும். மலிவான மாடலில் வழவழவென்று இருக்கும். இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்களின் வேர்நுனி பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதால்தான் அங்கே பிடித்த சீழ் நேராகக் கழுத்துப் பக்கம் இறங்குகிறது. முற்றினால் லுட்விக் ஆஞ்சைனா, அதாவது நாக்குக்கும் தாடைக்கும் அடியில் பரவும் கடும் தொற்று, மூச்சே அடைத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், முதல் ஊசிக்கு முந்தைய வாரம் மூன்றாம் ஆண்டு மாணவர்களைத் திரும்ப டிசெக்‌ஷன் ஹாலுக்கு அழைத்துவர வேண்டும். எங்கள் டைம்டேபிளில் அதற்கு இடமில்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வருகிறவர்களுக்கு நிஜத் தாடை எலும்பைக் கொடுத்து, நரம்பு நுழையும் அந்தத் துளையைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.