உம்மா ஏன் ஆட்டோவில் வருகிறார்?

கேள்வி: 20 வருடம் துபாயில் இருந்துவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பிவிட்டேன். பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் நீள மாடலா, பென்ஸ் இ-கிளாஸா என்று குழப்பம். முதுகுவலி இருப்பதால் எனக்கு சீட் முக்கியம். டிக்கியும் பெரிதாக வேண்டும். இப்போதுள்ள செடானில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் போவோம். உம்மாவுக்கு 71 வயது, பழக்கதோஷத்தில் ஆட்டோவிலேயே வந்துவிடுவார். எதை வாங்கலாம்?

பதில்: பழக்கதோஷமா, தம்பி? வாசலில் மகனின் ஏசி கார் நிற்க, வெயிலில் ஆட்டோவுக்குக் காத்திருப்பது எந்த ஊர்ப் பழக்கம்?

ஆட்டோ சீட் இடுப்பு உயரத்தில் இருக்கும். கம்பியைப் பிடித்து ஒரு கால் வைத்தால் உட்கார்ந்துவிடலாம். செடானில் தலையைக் குனிந்து, முட்டியை மடக்கி, பள்ளத்தில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். எழுந்திருப்பது அதைவிடக் கொடுமை. கல்யாண வீட்டு வாசலில் நாலு பேர் பார்க்க, ஒரு கை கதவில், ஒரு கை முன்சீட்டில், பேரன் பிடித்து இழுக்க... அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் உங்கள் உம்மா ஆட்டோ பிடிக்கிறார். என் மாமியாரும் இப்படித்தான், "நீங்க போங்க, நான் பின்னால வர்றேன்" என்பார். எனக்குப் புரிய மூன்று வருடம் ஆனது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி. 3 சீரிஸ் நீள மாடலில், சாதாரண 3 சீரிஸைவிட, முன் பின் சக்கரங்களுக்கு இடையே 110 மி.மீ. கூடுதல். காலை நீட்ட அது நல்லது. சீட்டின் உயரத்தை அது கூட்டாது. பின்கதவும் நீளம். உங்கள் ஊர்ச் சந்தில் அது பாதிதான் திறக்கும், யோசித்தீர்களா? மெத்தென்று புதைகிற சீட் உங்கள் முதுகுக்கு சுகமாக இருக்கலாம், முட்டிவலிக்காரருக்கு அது புதைகுழி. இரண்டு காரிலுமே பின்சீட்டின் நடுவே தரையில் மேடு ஓடும், ஐந்தாவது ஆளுக்குக் கால் வைக்க இடமிருக்காது. உங்கள் வீட்டில் அந்த ஐந்தாவது ஆள் யார்?

வீட்டில் உம்மா சிரமமில்லாமல் எழுந்திருக்கிற நாற்காலியை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். ஷோரூமில் கார் சீட்டைத் தரையிலிருந்து அளந்து பாருங்கள். அப்புறம் அவரையே கூட்டிப்போய், வெளியே போகும்போது போர்த்துகிற துப்பட்டியோடும் சொந்தச் செருப்போடும் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கை கொடுக்காதீர்கள், தள்ளி நில்லுங்கள். முன்சீட்டை ஏற்றி இறக்கலாம், பின்னால் தள்ளலாம். அது உம்மாவின் இடம். மனைவி கோபித்தால் என் பேரைச் சொல்லுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் செடானே வேண்டாம், உயரமான கார் வாங்குங்கள். பெற்றவள் ஏற முடியாத காரில் என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது?

டிக்கி? சில செடான்களில் ஸ்டெப்னியே பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், திறந்து பாருங்கள். எதை வாங்கினாலும், தனுஷ்கோடி போய் வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்புக்காத்துக்குப் பென்ஸும் ஒன்றுதான், பழைய ஜீப்பும் ஒன்றுதான்.

சரி, மதுரைக்குக் கார் பார்க்கக் கிளம்பும் முன் ஒரு நாள் உம்மாவோடு ஆட்டோவில் போய்விட்டு வாருங்கள். எந்தக் கையால் கம்பியைப் பிடிக்கிறார், எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று பாருங்கள்.