வலது கையில் மேஜர், காதில் மைனர்

கேள்வி: ஆலயத்தில் மூன்று வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். சாதாரண மைனர் கார்டுகள் தெரியும். அமெரிக்கக் கறுப்பின ஆலய இசையான காஸ்பலின் பியானோவில் வரும் மைனர் நைன்த், இலவன்த் கார்டுகளைப் புத்தகம் பார்த்து வாசித்தால் விரலும் எட்டவில்லை, சத்தமும் கசகசவென்று இருக்கிறது. எப்படிப் பழகுவது?

பதில்: எல்லா சுரங்களையும் கீழேயிருந்தே நெருக்கி அடுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அடிப்பகுதியில் சுரங்கள் ஒட்டி நின்றால் எந்தப் பியானோவும் கசகசக்கத்தான் செய்யும்.

டி மைனர் நைன்த்தையே எடுங்கள், அதாவது மைனர் கார்டோடு ஏழாவது, ஒன்பதாவது சுரங்களும் சேர்ந்தது. டி, எஃப், ஏ, சி, ஈ. இதில் டி-யை மட்டும் இடது கைக்குத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்: எஃப் மேஜர் செவன்த், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்! எந்த மைனருக்கும் இதே கணக்கு. மூல சுரத்திலிருந்து, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் சுரத்திலிருந்து, கறுப்புக் கட்டையையும் சேர்த்து மூன்று கட்டை மேலே போய், வலது கையில் மேஜர் செவன்த் பிடித்தால் போதும். அதை நடு சி-யை ஒட்டி வையுங்கள். இலவன்த் வேண்டுமா? அந்த ஏ-வை எடுத்துவிட்டு ஜி-யை வையுங்கள்.

தனிக் கார்டாக உருப்போடாதீர்கள். காஸ்பலின் ருசியே ஒரு கார்டு இன்னொன்றாகக் கரைவதில் இருக்கிறது. சி மேஜரில் இதை வாசித்துப் பாருங்கள். இடது கை டி, வலது கை எஃப், ஏ, சி, ஈ. அடுத்து இடது கை ஜி-க்குப் போகட்டும். வலது கையில் சி மட்டும் பி-க்கு இறங்கட்டும், மற்ற விரல்கள் அசையவே வேண்டாம். ஜி தேர்ட்டீன்த் வந்துவிட்டது. பிறகு இடது கை சி, வலது கை ஈ, ஜி, பி, டி. அந்த ஒற்றை விரல் இறங்குவதை மட்டும் மெதுவாகப் பத்து முறை கேளுங்கள். சிகாகோவின் கறுப்பின ஆலயங்களில் காஸ்பலை வளர்த்த தாமஸ் டோர்சி அதற்கு முன்பு ப்ளூஸ் பியானோக்காரர். இந்த இசையில் வரும் நெளிவுசுளிவுக்கு அந்த வாசமும் ஒரு காரணம்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். சி மேஜர் பாட்டில் ஈ மைனர் வந்தால் நைன்த் சேர்க்காதீர்கள். அதன் நைன்த் எஃப் ஷார்ப். பாட்டுக்கே அந்நியமான சுரம், பாடுகிறவர்கள் தடுமாறுவார்கள். இடது கையில் ஈ, வலது கையில் டி, ஜி, ஏ என்று வாசியுங்கள், பாந்தமாக இருக்கும்.

அப்புறம், சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு மாதம் மறந்துவிடுங்கள். காஸ்பலில் டி ஃபிளாட், ஏ ஃபிளாட் எல்லாம் சர்வசாதாரணம். டி ஃபிளாட்டில் இரண்டாவது கார்டு ஈ ஃபிளாட் மைனர் நைன்த். வலது கைக்கு மூன்று கறுப்புக் கட்டை, ஒரு வெள்ளை. பார்த்தால் பயமாக இருக்கும், கை வைத்தால் சி மேஜரைவிடச் சுகமாக உட்காரும். குழுவில் பாஸ் கிட்டார் இருந்தால் மூல சுரத்தை அவருக்கே விட்டுவிடலாம்.