ஒற்றை ஒயர் பேஸ்மேக்கர் வைத்த பிறகும் அசதி ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 70 வயது. நாடித்துடிப்பு 35-க்கு இறங்கி மயங்கி விழுந்ததால் மூன்று மாதம் முன்பு ஒற்றை ஒயர் பேஸ்மேக்கர் வைத்தார்கள். மயக்கம் நின்றுவிட்டது. ஆனால் ஒரே அசதி, கழுத்தில் ஏதோ துடிக்கிறது என்கிறார். செலவுக்குப் பயந்து இரட்டை ஒயர் வேண்டாம் என்று நாங்கள் சொன்னதுதான் காரணமா?

பதில்: உயிரைக் காப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்தக் கவலையை விடுங்கள். வித்தியாசம் தெரிவது அன்றாட சுகத்தில், அதுவும் சிலருக்குத்தான்.

கழுத்துத் துடிப்பை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஒற்றை ஒயர் கருவி பெரும்பாலும் இதயத்தின் கீழறையை மட்டுமே தூண்டும். மேலறை எப்போது சுருங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்கினால் நடுவிலுள்ள வால்வு மூடியிருக்கும், மேலறை ரத்தம் திரும்பிக் கழுத்துச் சிரையில் மோதும். கூடவே அசதி, மூச்சிரைப்பு, தலைசுற்றல் வரும். இதை பேஸ்மேக்கர் சிண்ட்ரோம் என்போம். 1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 65 வயதைக் கடந்த 407 பேருக்கும் இரட்டை ஒயர் கருவியே வைத்து, சிலருக்கு மட்டும் அதை ஒற்றை போல ஓடவிட்டார்கள். அவர்களில் 26 சதவீதம் பேரை இந்தத் தொல்லையால் இரட்டை முறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மற்றவர்கள் ஒற்றையிலேயே சமாளித்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

கருவி வைத்த மருத்துவமனையில் புரோகிராமரை (பேஸ்மேக்கரின் அமைப்பை வெளியிலிருந்தே பார்த்து மாற்றும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருவி தூண்டும்போது ரத்த அழுத்தம் 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் சந்தேகம் வலுக்கும். பல நேரம் பேஸ்மேக்கரில் வைத்திருக்கும் குறைந்தபட்சத் துடிப்பைக் கொஞ்சம் இறக்கி, அப்பாவின் சொந்தத் துடிப்புக்கு வழிவிட்டாலே போதும். ஊசிகூடத் தேவையில்லை, சில நிமிட வேலை. மாடி ஏறும்போது மட்டும் அசதி என்றால், நடமாட்டத்துக்கேற்பத் துடிப்பைக் கூட்டும் வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ரத்தசோகை, தைராய்டு, இதயத்தின் பம்ப் திறன், சாப்பிடும் மாத்திரைகள், இவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்தான் மேலறைக்கு இரண்டாவது ஒயர். மறுபடி திறப்பதில் கிருமித்தொற்று அபாயம் முதல் தடவையைவிட அதிகம் என்பதால் அவசரம் வேண்டாம். மேலறை நிரந்தரமாகத் தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கு அந்த ஒயரால் பயனே இல்லை. அப்பாவுக்கு அப்படியா என்பது ஈசிஜியில் தெரிந்துவிடும். போகும்போது பேஸ்மேக்கர் அட்டையை மறக்காதீர்கள். மீண்டும் மயக்கமோ, நெஞ்சுவலியோ, தையல் போட்ட இடத்தில் வீக்கமோ வந்தால் அன்றே போய்விடுங்கள்.