பாய்லரா, சரவிளக்கா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒஹாயோவில் வசிக்கிறேன். கல்லூரி நாட்களில் ஒரு சோராரிட்டியில் உறுப்பினர். எங்கள் சாப்டரின் (கல்லூரிக் கிளையின்) வீடு 1920-களில் கட்டியது. மூன்று மாடி, 48 படுக்கை. அதை நிர்வகிக்கும் ஹவுஸ் கார்ப்பரேஷனுக்குப் பொருளாளராக வரச்சொல்லி முன்னாள் மாணவியர் கூப்பிடுகிறார்கள். மூத்தவர்கள் சிலர் 40,000 டாலர் திரட்டி வரவேற்பறையைப் புதுப்பிக்க நினைக்கிறார்கள், சரவிளக்கு உட்பட. வீட்டோடு இருக்கும் ஹவுஸ் டைரக்டரோ வீட்டைச் சூடாக்கும் நீராவி பாய்லர் இன்னொரு குளிர்காலம் தாங்காது என்கிறார். ராத்திரியெல்லாம், அந்த ஆவியால் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம் போடுகின்றனவாம். நான் மென்பொருள்காரி. வீடு இருப்பது மூன்று மணிநேரத் தொலைவில். முதலில் எதைப் பார்ப்பது? இங்கிருந்தபடி உருப்படியாக என்ன செய்யமுடியும்?

ச.

அன்புள்ள ச.,

சரவிளக்கு காத்திருக்கட்டும். ஆனால் சத்தத்தை வைத்து பாய்லருக்கும் நாள் குறித்துவிடாதீர்கள். ரேடியேட்டர் இடிக்கும் ஓசைக்கும் பாய்லரின் வயதுக்கும் பெரும்பாலும் தொடர்பே இருக்காது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவியர் அமைத்துக்கொள்ளும் சங்கம்தான் சோராரிட்டி. நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸில் காமா ஃபை பீட்டா சங்கத்துக்காக 1882-இல் லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி பரிந்துரைத்த சொல் அது. அதே ஊரில் ஆல்ஃபா ஃபை 1886-இல் தனக்கென்று வீடு கட்டிக் குடியேறியது. குடியிருப்பவர்கள் ஓரிரு ஆண்டில் மாறிவிடுவார்கள், வீடு நூறு ஆண்டு நிற்கவேண்டும். அதனால் வீட்டை முன்னாள் மாணவியரின் ஹவுஸ் கார்ப்பரேஷன் வைத்திருந்து சாப்டருக்குக் குத்தகைக்கு விடுவது வழக்கம். அதாவது ச., நீங்கள் அந்தப் பெண்களுக்கு அக்கா என்பதெல்லாம் சரி, பொறுப்பேற்ற நாளிலிருந்து வீட்டுக்காரம்மாவும்கூட.

இனி சத்தம். அந்தக் காலத்து வீடுகளில் பலவும் ஒற்றைக்குழாய் நீராவி முறை. மேலே ஏறும் ஆவியும் குளிர்ந்து இறங்கும் நீரும் ஒரே குழாயில்தான் போய்வரவேண்டும். எனவே ரேடியேட்டர் வால்வின் பக்கம் சற்றே சரிந்திருக்கவேண்டும். பழைய மரத்தளம் தொய்ந்து சரிவு மாறிப்போனால் அடியில் நீர் தேங்கும். அதில் ஆவி வந்து மோதுவதுதான் அந்தச் சம்மட்டி. ரசமட்டம் வைத்துப் பார்த்து, வால்வுக்கு எதிர்ப்பக்கக் கால்களின் அடியில் ஆறு மில்லிமீட்டர் தகடு செருகினால் பல அறைகளில் அடங்கிவிடும். அடுத்து, வால்வு முழுக்கத் திறந்திருக்கவேண்டும், அல்லது முழுக்க மூடியிருக்கவேண்டும். அறை சுடுகிறதே என்று மாணவியர் பாதி மூடி வைப்பார்கள். நீர் இறங்க வழியில்லாமல் இடி தொடங்கும். வெப்பத்தைக் குறைக்க வழி எதிர்ப்பக்கம் இருக்கும் காற்றுத் துளைக்குமிழை மாற்றுவது. இதை ஒரு அட்டையில் எழுதி ஒவ்வொரு அறையிலும் ஒட்டச்சொல்லுங்கள். மேல்மாடி சூடாகவில்லை என்று யாராவது அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இத்தகைய வீட்டுக்கு இரண்டு பிஎஸ்ஐ-க்குள் (சதுர அங்குலத்துக்கு இரண்டு பவுண்டு அழுத்தத்துக்குள்) போதும்.

பாய்லர் சாகிறதா என்பதை அது குடிக்கும் தண்ணீர் சொல்லும். நீர் நுழையும் குழாயில் சிறிய மீட்டர் ஒன்றைப் பொருத்தி வாரம்தோறும் குறித்து வாருங்கள். நீராவி முறை கிட்டத்தட்ட மூடிய சுற்று, புதுத்தண்ணீர் கொஞ்சமாகவே தேவைப்படும். அளவு ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது, பெரும்பாலும் அடித்தளத் தரைக்குள் புதைந்த திரும்புகுழாயில். புதுத்தண்ணீரோடு வரும் ஆக்சிஜன் வார்ப்பிரும்பைத் தின்னும். ஒழுக்கை அடைக்காமல் புது பாய்லர் வைத்தால் அதுவும் சில ஆண்டுகளில் அரித்துப்போகும். மிதவை வகை நீர்மட்டக் காவல் கருவி இருந்தால், வெப்பக்காலத்தில் வாரம் ஒருமுறை அதன் சேற்றைத் திறந்துவிடவேண்டும். சேறு அடைத்தால் நீரில்லாமலே அடுப்பு எரியும்.

உண்மையிலேயே மாற்றவேண்டியிருந்தால் மூன்று இடங்களில் ஏமாறுவார்கள். பழைய பாய்லரின் தகட்டில் உள்ள அளவையே ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுப்பார். ஏற்காதீர்கள், வீட்டில் இருக்கும் ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாக அளந்து கூட்டியே பாய்லரின் அளவைத் தீர்மானிக்கவேண்டும். இரண்டாவது, 1920-களின் குழாய் உறையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க நிறைய வாய்ப்புண்டு. அதை முன்னதாகவே சோதித்து, அகற்றும் செலவுக்குத் தனியாக விலைப்புள்ளி வாங்கிவையுங்கள். வேலை பாதியில் நிற்பது அங்கேதான். மூன்றாவது, புதுக்குழாய்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய் நீரின் மேல் மிதந்து கொந்தளிக்கும். பொருத்தியபின் அதை மேலிருந்து வழித்தெடுப்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச்சொல்லுங்கள். மாணவியர் மே மாதம் காலிசெய்து ஆகஸ்டில் திரும்புவார்கள், இடையில் ஏறக்குறைய 12 வாரம்தான். ஜனவரியில் விலைப்புள்ளி கேட்காதவர்களுக்குக் கோடை கைக்குக் கிடைக்காது.

அந்த 40,000 டாலர் பற்றி ஒரு விஷயம். கொடுப்பவர்களில் பாதிப் பேராவது வரிச்சலுகை கிடைக்கும் என்று நினைத்திருப்பார்கள். ஹவுஸ் கார்ப்பரேஷன்கள் பெரும்பாலும் வரிச்சட்டத்தில் மனமகிழ் மன்றங்களுக்கான 501(சி)(7) பிரிவில் வருபவை, அவற்றுக்குத் தரும் பணத்துக்குச் சலுகை கிடையாது. சோராரிட்டியின் தேசிய அறக்கட்டளைக்குத் தந்தால் உண்டு. ஆனால் அது படிப்பறை, நூலகம் போன்ற கல்விப் பகுதிகளுக்குத்தான் திரும்பி வரமுடியும், சரவிளக்குக்கு வராது. பணம் வாங்குமுன் இதைச் சொல்லிவிடுங்கள். வாங்கியபின் சொன்னால் சண்டை. பொருளாளராக நீங்கள் முதலில் கேட்கவேண்டிய தாளும் இதை ஒட்டியதே: வரிவிலக்குள்ள அமைப்புகள் ஆண்டுதோறும் தரும் கணக்கான படிவம் 990. மூன்று ஆண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகும். பொறுப்பாளர் மாறியதில் கடிதங்கள் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருப்பதே இதற்கு வழக்கமான காரணம்.

பெரிய பழுதுகளுக்கான சேமநிதிக் கணக்கு எளியது. கூரை மாற்ற 1,20,000 டாலர் ஆகும், எட்டு ஆண்டு தாங்கும், கையில் 40,000 இருக்கிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 10,000, 48 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 208 டாலர். விலையேற்றம் தனி. இதை வாடகையில் சேர்க்கத் தயங்கும் நிர்வாகக் குழுக்கள்தான் பிறகு தலைக்கு 2,000 என்று கேட்டு நிற்கின்றன. வெளியே தங்கும் உறுப்பினர்கள் கட்டும் பார்லர் கட்டணத்திலும் இதில் ஒரு பங்கு வரவேண்டும், அவர்களும் அந்தக் கூரையின் கீழ்தான் கூடுகிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க 120 வோல்ட்டில் 15 ஆம்பியர் சர்க்யூட் 1,800 வாட் தாங்கும், ஒரு ஹேர் டிரையரே 1,500 வாட் இழுக்கும். காலையில் பிரேக்கர் விழுவது அதனால்தான். பெரிய பிரேக்கர் போடச்சொன்னால் மறுத்துவிடுங்கள், சுவருக்குள் கம்பி எரியும். முகம்பார்க்கும் கண்ணாடி வைத்த மேசைகளுக்குத் தனியாக 20 ஆம்பியர் இணைப்பு இழுக்கவேண்டும். குளியலறை விசிறியின் சல்லடையில் ஒரு டிஷ்யூ தாளை வையுங்கள், ஒட்டாவிட்டால் காற்று இழுக்கவில்லை. இழுத்தாலும் அந்த ஈரம் பரணில் போய் முடிகிறதா, கூரைக்கு வெளியே போகிறதா என்று ஏறிப்பாருங்கள். சமையலறைப் புகைக்கூண்டின் தீயணைப்பு அமைப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒரு சோதனை.

தீப்பிடித்தால் கூரையிலிருந்து நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் அதன் முனையில் உடை ஹேங்கர் மாட்டும் பழக்கத்தை முதல் வாரமே ஒழியுங்கள். கண்ணாடிக் குமிழ் உடைந்தால் பத்து நிமிடத்தில் 150 காலனுக்கு மேல் கொட்டும். ஸ்பிரிங்க்ளர் இல்லையென்றால் பாய்லருக்கும் முன்னால் அதுதான். 1996 மே மாதம் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் பட்டமளிப்பு நாள் காலையில் ஒரு ஃபிராட்டர்னிட்டி (ஆண் மாணவர் சங்க) வீடு எரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் அந்த ஊர் இதைக் கட்டாயமாக்கியது. டிசம்பர் விடுமுறையில் எரிபொருள் மிச்சம் என்று வெப்பத்தை அணைக்கவேண்டாம். 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்கவேண்டாம், தினமும் ஒருவர் நுழைந்து பார்க்கவேண்டும், பார்த்த நேரத்தைக் கையெழுத்திடவேண்டும். ஆளில்லா வீட்டில் உறைந்து வெடித்த குழாய் என்றால் காப்பீட்டு நிறுவனம் அந்தக் கையெழுத்தைத்தான் கேட்கும்.

தொலைவு ஒரு தடையில்லை. ரசீது, குத்தகை, ஆய்வுத் தேதிகள், எந்த வால்வு எதை அடைக்கும் என்ற வரைபடம், இதெல்லாம் யாரோ ஒருவரின் காரின் பின்சீட்டில் கிடக்கும். அவற்றைப் படமெடுத்து ஒரே இடத்தில் சேர்ப்பது உங்கள் தொழிலுக்குப் பொருந்திய வேலை. காசோலைக்கு இரண்டு கையெழுத்து வையுங்கள், உங்களுடையதும் மாணவி ஒருத்தியுடையதும் அல்ல, இரண்டும் நிர்வாகக் குழுவினருடையது. அக்டோபரிலும் ஏப்ரலிலும் நேரில் போங்கள், முன்கூட்டிச் சொல்லிவிட்டு. அது அவர்கள் குடியிருக்கும் வீடு. அறை எப்படிக் கிடக்கிறது, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பது ஆலோசகர் குழுவின் பாடு, உங்களுடையதில்லை. ஹவுஸ் டைரக்டர் யாருக்குக் கீழ் வேலைசெய்கிறார் என்பதை அவரிடமும் மாணவியரிடமும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். உங்கள் கார்ப்பரேஷன்தான் அவருக்குச் சம்பளம் தருகிறது என்றால் இருபது வயதுப் பெண் அவரை வேலைவாங்கமுடியாது.

முன்னாள் மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பிவரும் ஹோம்கமிங் விழா அன்று மூத்தவர்கள் வருவார்கள் அல்லவா? தேநீரை வரவேற்பறையில் கொடுங்கள். கோப்பையோடு அடித்தளத்துக்குக் கூட்டிப்போய் அந்தத் தண்ணீர் மீட்டரையும் பக்கத்தில் தொங்கும் குறிப்பேட்டையும் காட்டுங்கள். நன்கொடை எதற்கு என்று அதன்பிறகு கேளுங்கள்.