நிரூபிக்க வேண்டியது யார்?

கேள்வி: ஒரு காட்டைச் சரணாலயம் என்று அறிவிக்கிறார்கள். எல்லைக்கு அடுத்த அடியிலேயே சுரங்கமும் சாலையும் வந்துவிடுகின்றன. அப்புறம் அந்தச் சட்டத்தால் என்ன பயன்?

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் சட்டத்தைக் கைகழுவிவிடாதீர்கள். இப்படி ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில்? ‘கெடுதல் வரும்’ என்று பறவைக்காகப் பேசுகிறவர் நிரூபிக்க வேண்டுமா, ‘வராது’ என்று தொழில் செய்ய வருகிறவர் காட்ட வேண்டுமா?

நெதர்லாந்தின் வாடன் கடலில், தண்ணீர் வற்றும் நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் மட்டி என்ற சிப்பியை நம்பி ஈடர் வாத்துகளும், நீண்ட சிவப்பு அலகால் மட்டியைத் திறந்து தின்னும் கரைப்பறவைகளும் வாழ்கின்றன. அதே மட்டியை இயந்திரம் வைத்து, சேற்றின் மேல்பரப்போடு வாரி எடுத்தார்கள். ஆண்டுதோறும் உரிமமும் கிடைத்துவந்தது. இயற்கை அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2004 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அந்த இடத்துக்குக் கேடு வராது என்பதில் அறிவியல்படி நியாயமான சந்தேகம் துளியும் மிஞ்சக்கூடாது, மிஞ்சினால் அனுமதி கிடையாது. ‘பல வருஷமாக நடப்பதுதானே’ என்ற வாதமும் எடுபடவில்லை. ஒவ்வொரு ஆண்டு உரிமத்தையும் புதிதாகத்தான் எடைபோட வேண்டும் என்றார்கள். படிக்கப் படிக்க எனக்கு நெஞ்சு நிறைந்த தீர்ப்பு அது. 2005 முதல் அங்கே இயந்திரம் வைத்து மட்டி வாருவது இல்லை.

இதற்கு அடிப்படை, ஐரோப்பிய ஒன்றியம் 1992-ல் கொண்டுவந்த வாழிடச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. நீங்கள் சொல்லும் ‘எல்லைக்கு அடுத்த அடி’ அதில் தப்பாது. திட்டம் வெளியே இருந்தாலும், பாதிப்பு உள்ளே வரக்கூடும் என்றால் ஆராய்ந்தே ஆக வேண்டும். விதிவிலக்கும் உண்டு: வேறு வழியே இல்லை, பொதுநலனுக்குத் தவிர்க்கவே முடியாது என்றால், இழப்புக்கு ஈடு செய்துவிட்டுத் தொடரலாம். மீறினால்? போலந்தின் பியாவோவியேஜா காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தாவிட்டால் நாளொன்றுக்குக் குறைந்தது 1,00,000 யூரோ கட்ட வேண்டிவரும் என்று அதே நீதிமன்றம் 2017-ல் எச்சரித்தது.

கேள்வி: பெரிய காடு ஒன்றைப் பத்திரமாக வைத்தால் போதாதா? காடுகளை இணைக்கிறோம் என்று விவசாயிகள் நிலத்தில் ஏன் கை வைக்க வேண்டும்?

போதாது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் பூமாக்களை, அதாவது அங்குள்ள பெரிய காட்டுப்பூனைகளைப் பாருங்கள். நகரங்களும் சாலைகளும் பெருகி, மற்ற பூமாக்களோடு தொடர்பே இல்லாமல் தெற்குக் கோடியில் ஒதுங்கிப்போயின. 1990-களின் தொடக்கத்தில் இருபது, முப்பதுதான் மிச்சம். உறவுக்குள்ளேயே இனம் பெருகியதில் வால் நுனி மடங்கிப்போனது, இதயத்தில் ஓட்டை விழுந்தது, ஆண் பூமாக்களுக்கு விரை கீழே இறங்கவில்லை. அவை இருந்த இடம் பாதுகாக்கப்பட்ட இடம்தான்! 1995-ல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அவற்றில் ஐந்து குட்டி போட்டன. அதற்கப்புறம்தான் அந்த இனம் தேறியது, நூறைத் தாண்டியது. முன்பு பூமா தானே நடந்து போய்த் துணை தேடிக்கொண்டது. வழி அடைபட்டதால் மனிதன் தூக்கிப்போய் விட வேண்டியிருந்தது.

விவசாயி பற்றிய உங்கள் கவலை சரியானது. ஃபுளோரிடாவில் 2021-ல், காடுகளை இணைக்கும் வனவிலங்கு வழித்தடச் சட்டம் ஓர் எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் நிறைவேறியது. அதில் யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லை. விருப்பமுள்ள பண்ணைக்காரர் நிலத்தில் வீடு, கடை கட்டிப் பெருக்கும் உரிமையை மட்டும் அரசுக்கு விற்கிறார். நிலம் அவருடையதுதான், மாடு மேய்ப்பதும் நடக்கிறது. நாளைக்கு அவர் நிலத்தை விற்றால், வாங்குகிறவரையும் அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும்.