வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் கடிதம் எழுதினால் அதில் என்ன எழுதுவது?

கேள்வி: வேலைக்காக வெளிநாடு வந்திருக்கிறேன். இங்குள்ள அன்றாட வாழ்க்கை, பழக்கவழக்கம், போய்வரும் இடங்கள் பற்றி வீட்டுப் பெரியவர்களுக்குக் கடிதமாக எழுத ஆசை. ஆனால் உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. இந்தக் காலத்தில் இது தேவைதானா? எழுதுவதென்றால் எப்படி எழுதுவது?

பதில்:

தேவையா என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். சேதி சொல்லக் கடிதம் தேவையில்லை, அதற்குப் போன் இருக்கிறது. டென்மார்க்கின் அரசுத் தபால் நிறுவனம் 2025 கடைசியோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. நான் இருக்கும் சிங்கப்பூரில் 2023 அக்டோபரில் உள்ளூர்க் கடிதக் கட்டணம் 31 காசிலிருந்து ஒரேயடியாக 51 காசுக்கு ஏறியது. கடிதம் போடுகிறவர்கள் குறைந்துகொண்டே போனதும் அதற்கு ஒரு காரணம். உலகம் போகிற திசை அது. அதை எதிர்த்து நிற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் போனில் என்ன பேசுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சாப்பிட்டியா, அங்கே மழையா, லீவு எப்போ. குரலைக் கேட்கத்தான் போன் செய்கிறோம், அதனால் அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் வாழும் ஊர் எப்படி நடக்கிறது என்று சொல்ல அந்தப் பேச்சில் இடம் கிடைக்காது. "இங்கே தண்ணீர் எங்கிருந்து வருது தெரியுமா?" என்று ஆரம்பித்தால், "சரி சரி, உடம்பைப் பார்த்துக்கோ" என்று வைத்துவிடுவார்கள்.

நான் ஈசூன் பகுதியில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், கொஞ்சம் நிலமும் உண்டு. இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் அவர் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு கடிதக் கட்டு. என் தாத்தா சிங்கப்பூரில் பிரிட்டிஷ்காரர்களின் செம்பவாங் கடற்படைத் தளத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர். ரஜூலா கப்பலில் வந்த தலைமுறை. 1926இல் கட்டிய அந்தக் கப்பல்தான் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டு நம் ஆட்களைச் சுமந்தது. அந்தக் கட்டு முழுக்க அவர் அறுபதுகளில் பாட்டிக்கு எழுதிய கடிதங்கள்.

ஆசையாகப் பிரித்தேன். மேலே பிள்ளையார் சுழி, பிறகு நலம், நலமறிய ஆவல். பணம் கிடைத்ததா? பெரியவன் படிக்கிறானா? மாட்டை விற்க வேண்டாம். இங்கு மழை. அவ்வளவுதான்! 1964 ஜூலையில் சிங்கப்பூரில் இனக் கலவரம் வெடித்து ஊரடங்கு போட்டார்கள். அதற்கடுத்த மாதக் கடிதத்தில் "இங்கு யாவரும் நலம்" என்று இருக்கிறது. 1965 ஆகஸ்ட் 9இல் இந்த நாடே பிறந்தது. தாத்தா அந்த மாதம் ஊர் வீட்டுக்கு ஓடு மாற்றுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1968 கடைசியில் பிரிட்டிஷ்காரர்கள் பட்டறையைச் சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைத்தபோது அவர் வேலை என்ன ஆகுமோ என்று தவித்திருப்பார். அதுவும் கடிதத்தில் இல்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. சிராங்கூன் ரோட்டில் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பவரிடம் சொல்லி எழுதினாரோ, கூட இருந்த யாராவது எழுதினார்களோ, கையெழுத்து கடிதத்துக்குக் கடிதம் மாறுகிறது. இன்னொருவர் கையால் எழுதும்போது மனசைத் திறக்க முடியுமா? போய்ச் சேர்ந்தாலும் அதைப் பாட்டிக்கு வேறொருவர்தான் சத்தமாகப் படித்துக் காட்டுவார். தெருவே கேட்கும். கவலைப்படுத்தக் கூடாது என்பது ஒன்று, மானம் இன்னொன்று. எல்லாம் புரிகிறது. ஆனாலும் அவ்வளவு வருடக் கடிதங்களில் அவர் என்ன சாப்பிட்டார், எங்கே படுத்தார், பக்கத்துக் கட்டிலில் யார் என்பது ஒரு வரிகூட இல்லை. தேதிக்கு மேலே எழுதியிருப்பதைத் தவிர அந்தக் கடிதக் கட்டுக்குள் சிங்கப்பூரே இல்லை.

அதனால் நான் எழுதும் கடிதத்தில் நலம் விசாரிப்பு இரண்டு வரி. மிச்சமெல்லாம் இந்த ஊர்தான்.

எந்த ஊர் என்பதில்தான் சிக்கல். உங்களுக்கு இரண்டு வரிக்கு மேல் ஓடாததற்குக் காரணம், அந்த நாட்டில் எது புகழ்பெற்றதோ அதை எழுத முயல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மெரினா பே கட்டடத்தை நான் வர்ணித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சித்தப்பா அதை எத்தனையோ சினிமாப் பாட்டில் பார்த்துவிட்டார். படிக்கிறவருக்கு வாழ்க்கையில் எது முக்கியமோ, அது உங்கள் ஊரில் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். காவிரிப் பாசனக்காரருக்கு எது முக்கியம்? ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்பதுதான்.

நான் தண்ணீரைப் பற்றி எழுதினேன். ஆறென்று பெரிதாக ஒன்றும் இல்லாத நாடு. மலேசியாவின் ஜொகூரிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வாங்குகிறது. 1962இல் போட்ட ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம், 2061 வரை செல்லும். பிறகு கழிவுநீரைச் சுத்தப்படுத்தி, 2003 முதல் அதைப் 'புதுநீர்' என்று விநியோகிக்கிறார்கள். பெரும்பகுதி ஆலைகளுக்குப் போகிறது, கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலந்து குடிநீராகவும் ஆகிறது. 2008இல் மரினா வாய்க்காலின் முகத்தில் அணை கட்டிக் கடலைத் தடுத்து, நகரத்தின் நடுவிலேயே நன்னீர் ஏரி உண்டாக்கிவிட்டார்கள்.

அதற்கு வந்த பதில் நாலு பக்கம். சங்கத்துக் கணக்குப் புத்தகப் பழக்கம், கேள்விகளுக்கு எண் போட்டிருந்தார். ஒப்பந்தத்தில் விலை எப்படிப் போட்டார்கள்? 2061க்குப் பிறகு என்ன செய்வார்கள்? கடைசிக் கேள்வி: "இரண்டு தனி நாடுகள் கையெழுத்துப் போட்டுத் தண்ணீர் விட்டுக்கொள்கின்றன. நாம் ஒரே நாட்டுக்குள் இருந்துகொண்டு ஏன் கோர்ட்டுக்கு நடக்கிறோம்?" இங்கேயும் விலை பற்றி இரண்டு நாடுகளுக்கும் நெடுநாள் இழுபறி உண்டு என்று அடுத்த கடிதத்தில் எழுதி அவரைக் கொஞ்சம் சமாதானப்படுத்தினேன். அதோடு நம் பக்கத்து வாய்க்கால் நிலவரத்தையும் கேட்டேன். இப்போது எனக்கு எங்கள் ஊர் வாய்க்காலின் கடைமடை வரை தெரியும். ஊரில் இருந்த காலத்தில் தெரியாது.

அடுத்து, பழக்கவழக்கம். 'சீனர்கள் இப்படி, மலாய்க்காரர்கள் அப்படி' என்று பொதுவாக எழுதாதீர்கள். பள்ளிக்கூடக் கட்டுரையாகிவிடும், பாதி தப்பாகவும் இருக்கும். ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு அங்கே என்ன நடக்கிறது என்று எழுதினால் போதும். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் கீழ்த்தளத்தில் வீடு கிடையாது, தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த வெளி. பழைய வீவக புளோக்குகள் பெரும்பாலும் இப்படித்தான். ஒரு சனிக்கிழமை அங்கே மலாய்க் கல்யாணம். பந்தல், பிரியாணி, கரோக்கே. இன்னொரு வாரம் அதே தூண்களுக்கு நடுவே சீன வீட்டுத் துக்கம். மூன்று நாள், ஐந்து நாள் என்று ஒற்றைப்படையில் உடலை வைத்திருப்பார்கள். இரவெல்லாம் உறவினர்கள் மேசை போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார்கள். வேலை முடிந்து மின்தூக்கிக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். சாவு வீட்டைத் தாண்டி வந்தால் குளிக்காமல் உள்ளே விடாத குடும்பத்தில் வளர்ந்தவள் நான். இங்கே எத்தனை முறை குளிப்பது? சித்தி அந்தப் பத்தியை மட்டும் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாராம்.

சீனர்களின் ஏழாம் மாதமும் அப்படித்தான் எழுத வந்தது. பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். இறந்தவர்கள் பூமிக்கு வருவதாக நம்பிக்கை. புல்வெளி ஓரத்தில் காகிதப் பணம் எரிப்பார்கள், பழமும் சோறும் படைப்பார்கள். கெத்தாய் என்று மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும். முன்வரிசை நாற்காலிகளில் யாரும் உட்காரக் கூடாது, அவை கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்கு. நம் வீட்டில் மகாளய அமாவாசைக்குப் படைக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நாற்காலி விஷயம் மட்டும் சித்தப்பாவுக்குப் பிடித்துப்போய், "நாம் இலை போடுகிறோம், அவர்கள் கச்சேரியே வைக்கிறார்கள்" என்று பொறாமையோடு எழுதினார்.

சிரிப்புக்கும் இடம் கொடுங்கள். பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில், கேம்பல் லேன் பக்கம், பசுமாடுகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் பார்க்க வருவார்கள். பசு மூத்திரம் பெய்தால் ஒரு கூட்டமே பின்வாங்கும். இதை எழுதியதற்கு, "நம் வீட்டுச் செவலையை அனுப்பிவைக்கட்டுமா, தலைக்கு இத்தனை டாலர் என்று வசூல் செய்து அனுப்பு" என்று பதில். சாப்பாட்டுக் கடைகள் ஒன்றாக இருக்கும் அங்காடி நிலையத்தில் மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் நமக்கு, யாரும் உட்கார மாட்டார்கள் என்பதை மட்டும் அவர் இன்றுவரை நம்பவில்லை.

பயணக் கடிதத்தில் எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், எட்டு மணிக்குச் சேர்ந்தோம் என்று ஆரம்பிப்பதைக் கிழித்துப் போடுங்கள். போன இடத்தில் ஒரே ஒரு விஷயம் போதும். சிங்கப்பூரின் தானா மேரா படகுத்துறையிலிருந்து படகில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் இந்தோனேசியாவின் தஞ்சோங் பினாங். அங்கிருந்து சின்ன மரப்படகில் பெனியெங்காட் என்று ஒரு குட்டித் தீவுக்குப் போனோம். அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு பழைய மசூதி இருக்கிறது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு கலந்து கட்டியதாகச் சொல்கிறார்கள். படகு, கடல், சாப்பாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் எழுதினேன், செட்டிநாட்டு வீட்டுச் சுவர்ப் பூச்சுக்கும் அதே முட்டைதானே என்று கேட்டு. செட்டிநாட்டுப் பூச்சின் பக்குவம் ஒரு பக்கத்துக்கு வந்தது, கடுக்காய் உட்பட. கீழே ஒரு வரி: "வெள்ளைக்கரு சுவருக்குப் போயிற்று சரி, மஞ்சள் கரு எங்கே? வெளியே பூசிவிட்டார்களோ?"

எதை எழுதாமல் விடுவது என்றும் யாராவது கேட்பார்கள். தாத்தாவைப் போல எல்லாவற்றையும் மறைக்கவும் வேண்டாம், மனசில் இருப்பதை அப்படியே கொட்டவும் வேண்டாம். கடிதம் போய்ச் சேர்வதற்குள் உங்கள் காய்ச்சல் இறங்கிவிடும், ஆனால் படிக்கிறவருக்கு அன்றுதான் காய்ச்சல் ஆரம்பிக்கும். அதனால் கஷ்டத்தை அது தீர்ந்த பிறகு எழுதுவது என் வழக்கம். வேலையிடத்தில் ஒரு கட்டத்தில் ரொம்பச் சிரமப்பட்டேன். ஆறு மாதம் கழித்து முழுசாக எழுதினேன். "அப்போதே சொல்லியிருக்கலாமே" என்றார் சித்தப்பா. சொல்லியிருந்தால் தூங்கியிருக்க மாட்டார். சம்பளத்தை எழுதவே எழுதாதீர்கள். கடிதம் பல கைக்குப் போகும்.

இனி அஞ்சல் சமாச்சாரம். உறையில் பெயர், தெரு எல்லாம் தமிழில் எழுதலாம். ஆனால் ஊர், மாநிலம், பின்கோடு, கடைசி வரியில் இந்தியா, இவற்றை ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் கடிதங்களைப் பிரிக்கிறவருக்கு அதுதான் புரியும். உங்கள் முகவரியை அவர்களுக்கு அச்சடித்தே அனுப்பிவிடுவது நல்லது. சிங்கப்பூரில் ஒவ்வொரு புளோக்குக்கும் தனி ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. அதுவும் வீட்டு எண்ணும் சரியாக இருந்தால் மற்றதில் தப்பு வந்தாலும் பெரும்பாலும் வந்துவிடும். கடிதத்துக்குள் பணநோட்டு வைக்காதீர்கள். ஹேர்பின், விதை, மிட்டாய் என்று பொருள் எதையும் வைத்தால் அது சுங்கப் படிவம் கேட்கும் பொட்டலம் ஆகிவிடும், தாமதமும் ஆகும். காகிதமும் போட்டோவும் மட்டும் போதும்.

சில கடிதங்கள் போய்ச் சேராது, அதற்கு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால், எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றும் பார்த்துக்கொள்ளலாம். சித்தப்பாவும் இப்போது பக்கத்து வீட்டுப் பையனை வைத்துப் படமெடுத்துக்கொள்கிறார், ஆனால் அதை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பக் கூடாது என்று அவனுக்குக் கண்டிப்பான உத்தரவாம்.